இரண்டு பள்ளிகளிடமும் கேட்காத கேள்வி

ஹெலிகாப்டர் ஓட்டக் கற்க இங்கிலாந்துக்குப் போவதா, அமெரிக்காவுக்குப் போவதா? இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இரண்டு பள்ளிகளின் ஏர்மெயில் கடிதங்களையும் மடியில் விரித்து வைத்திருந்தேன்.

முன் சீட்டு அம்மாள் திரும்பி, கடிதத்திலிருந்த படத்தையே பார்த்தார்.

"என் வீட்டுக்காரர் ஏர்ஃபோர்ஸ்ல இதைத்தான் ஓட்டினார். நடுவானத்துல எஞ்சின் நின்னா எப்படி இறக்குறதுன்னு எத்தனை மணி நேரம் பழக்குவாங்களாம்?"

"அதைக் கேக்கலீங்க. வெஜிடேரியன் சாப்பாடு கிடைக்குமான்னுதான் கேட்டேன்."

அவர் சிரிக்கவில்லை.

"அவருக்கு எஞ்சின் அப்படித்தான் நின்னுது" என்று சொல்லிவிட்டு மாம்பழச்சாலையில் இறங்கிப் போனார்.

இங்கிலாந்துதான் என்று அப்பா நேற்றே முடிவு செய்துவிட்டார். அங்கே தினமும் பாலும் உருளைக்கிழங்கும் உண்டாம்.

இரண்டு பள்ளிகளுக்கும் மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் கேட்க மறந்தது வேறு ஏதாவது உண்டா, நண்பர்களே? சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.