பெரிய தட்டும் சின்னத் தட்டும்

பிரான்சிஸ்கா அக்கா யாருக்கு எதைச் சமைத்துக் கொடுத்தாலும் முதலில் அதில் ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வார். வந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மென்று விழுங்குவார். அதற்குப் பிறகுதான் தட்டை நீட்டுவார். மண்டபம் அகதி முகாமில் எங்கள் குடிசைக்கு அடுத்த குடிசை அவருடையது. ருசி பார்க்கிறார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பழகி மூன்று வருடம் கழிந்த பின், மழை பெய்த ஒரு மத்தியானம், அரிசி புடைத்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மார்கழியில், டிசம்பரில், நடந்தது அது. மன்னார்த் தீவில் தோட்டவெளியில் அவருடைய வீடு. கணவர் கிறகரி கடலுக்குப் போகிறவர். ஒரே மகள் றோஸ்மேரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டின் பின்பக்கம், வேலியோரமாக, கிறகரி செங்கல்லும் களிமண்ணும் வைத்து ஒரு போறணை கட்டிக் கொடுத்திருந்தார். பேக்கரியில் பாண், ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பின் குட்டி என்று சொல்லலாம். குனிந்து கையை நீட்டினால் பின்சுவரைத் தொட்டுவிடலாம். மழைக்கு மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு சாய்ப்பு.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, அந்த ஊரில் பாதி வீடுகளின் கேக் அந்தப் போறணையில்தான் வெந்தது. கார்த்திகை பிறந்ததுமே அக்கா பிளம்ஸையும் இஞ்சிப்பாகையும் பூசணிப்பாகையும் பொடியாக நறுக்கிப் போத்தலில் ஊறப்போட்டுவிடுவார். பெண்கள் தங்கள் தங்கள் ரவை, பட்டர், முட்டை, சீனியைத் தகர ரின்களில் கொண்டுவந்து வைப்பார்கள். எந்த ரின் யாருடையது என்று சுண்ணக்கட்டியால் எழுதி அடுக்கிவைப்பது றோஸ்மேரியின் வேலை. போறணை பதமாகிவிட்டதா என்று பார்க்க அக்கா வெறுங்கையை உள்ளே நீட்டி மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவார். ஆமென் வரும்வரை கை தாங்கினால் தட்டை வைக்கலாம். பாதியிலேயே கையை இழுக்க வேண்டிவந்தால் இன்னும் ஆற வேண்டும்.

அந்த வருடம் போர்நிறுத்தம் என்று ஒரு பேர் இருந்தது. பேர் மட்டும்தான். அதற்கு முந்தின மார்கழியில் அக்காவின் தம்பி சந்தியோகு சைக்கிளில் பட்டினத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. றோட்டில் வைத்து ஆமி ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அக்கா பதினொரு தடவை இராணுவ முகாம் வாசலுக்கு நடந்தார். “இங்கே அப்படி ஒருத்தரும் இல்லை” என்பதுதான் பதினொரு தடவையும் கிடைத்த பதில்.

மார்கழி முதல் கிழமையில் ஒரு நாள், பகல் பதினொரு மணி இருக்கும், ஒழுங்கை முகப்பில், சந்து தொடங்குகிற இடத்தில், ஜீப் வந்து நின்றது. ஒழுங்கையில் இருந்த வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவது அக்காவுக்குக் கேட்டது. நாலு பேர் இறங்கி நேரே அவர் வீட்டு வளவுக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவன் தொப்பியைக் கழற்றினான்.

“பயப்படாதீங்கம்மா. நான் கோப்ரல் ஜெரோம். ஊர் சிலாபம். நாங்களும் வேதக்காரங்கதான், வருசா வருசம் மடு மாதா கோயிலுக்கு வருவோம்” என்றான். அந்தக் கரையோரத்துத் தமிழ். “இங்க நல்ல கேக் செய்றீங்கன்னு கேள்விப்பட்டோம். எங்க பெரியவர் நத்தாருக்கு முகாமில எல்லாருக்கும் கொடுக்கணும்னு சொல்றார். சாமான் நாங்க கொண்டாறோம். செஞ்சு மட்டும் தாங்க.”

“ஊராக்களின்ர வேலையே கனக்கக் கிடக்குது, தம்பி. போறணையும் சின்னன்.”

அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவன் துவக்குக் குழலின் நுனியால் அடுக்கிவைத்திருந்த ரின்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தான். ஒரு ரின் விழுந்து ரவை கொட்டுப்பட்டது. அவன் குனிந்து பார்க்கவுமில்லை.

“முடியாதுன்னு நான் போய்ச் சொல்ல ஏலாதும்மா” என்றான் ஜெரோம், மெதுவாக.

அக்காவுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. “போன வருசம் என்ர தம்பியை உங்கட ஆக்கள் ஏத்திக்கொண்டு போனவை. சந்தியோகு எண்டு பேர். எங்கை வைச்சிருக்கினம் எண்டு கேட்டுச் சொல்லுவியளோ?”

ஜெரோம் தொப்பியைத் தலையில் வைத்தான். “நான் இங்க வந்து நாலு மாசம்தாம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

மறுநாள் பொழுதுபடுகிற நேரம் எலியாஸ் வந்தான். கிறகரியின் அக்கா அன்ரோனெற்றின் மகன். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக அவனைக் கையில் ஏந்தி நின்றவர் பிரான்சிஸ்கா அக்காதான். இருபத்திரண்டு வயது. வீட்டைவிட்டு ஆயுத இயக்கத்துக்குப் போய் இரண்டு வருடம். சமையல் நடக்கும் குசினி வாசலில் குந்தியிருந்து, அக்கா சுட்டு வைத்திருந்த முறுக்கில் இரண்டை எடுத்துத் தின்றான். பிறகு கேட்டான்.

“மாமி, ஆமி வந்து போனவையாம்.”

“ஓம் மோன். கேக் அடிச்சுத் தரட்டாம்.”

“மாட்டன் எண்டு சொன்னனியளோ?”

“எப்பிடிச் சொல்லுறது?”

“சொல்ல வேண்டாம். அடிச்சுக் குடுங்கோ.” சேட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்தான். நூலால் சுற்றிய சின்னப் பொட்டலம். “இதையும் போட்டு அடியுங்கோ. சூட்டிலை வெந்தாலும் அதின்ர வேகம் குறையாதாம். வாசமும் இல்லையாம்.”

அக்காவுக்கு விளங்கிவிட்டது. விளங்காதவர் போல, “என்ன மோன் இது?” என்று கேட்டார்.

“சந்தியோகு அண்ணையை நினைச்சுப் பாருங்கோ, மாமி. பதினொரு தரம் போய்க் கெஞ்சினீங்கள். என்ன சொன்னவை?”

“எலியாஸ், நான் சமைக்கிற பொம்பிளை.”

“அதுக்குத்தான் உங்களிட்டை வந்தனான். மாமி செய்வா எண்டு மேலிடத்துக்குச் சொல்லிப்போட்டன். என்ர பொறுப்பு இது.” எழும்பி நின்றவன் குரலைத் தாழ்த்தினான். “என்னைக் கவிழ்த்துப்போடாதேங்கோ.”

பொட்டலத்தை அக்கா அரிக்கன் லாம்பு தொங்கும் ஆணிக்குப் பின்னால், சுவர் வெடிப்புக்குள் செருகி வைத்தார். கிறகரிக்குச் சொன்னார். “செய்தால் ஆமி எங்களை உயிரோடை விடாது. செய்யாட்டில் இவங்கள் விடமாட்டாங்கள். பிரான்சி, பிள்ளையை மட்டும் யோசி” என்றார் அவர். அடுத்து வந்த நாட்களில் றோஸ்மேரியைக் குசினிக்குள் கால் வைக்க அக்கா விடவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. ஊரில் கதை பரவியிருந்தது. எதிர்வீட்டுச் செலீனா தன் ரின்னைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். “ஆமிக்கு அடிக்கிற கையாலை எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பத்தொன்பதாம் திகதி ஜெரோம் சாமான்களோடு வந்தான். ரவை, சீனி, ரின் பட்டர், இரண்டு தட்டு முட்டை. எல்லாம் இறக்கிய பிறகு மற்றவர்களை ஜீப்புக்கு அனுப்பிவிட்டுத் தயங்கி நின்றான்.

“ஒரு உதவிம்மா. நான் இருபத்திமூணாந் தேதி லீவுல ஊருக்குப் போறேன். எங்க அம்மாவுக்கு ஒரு சின்னக் கேக் வேற தட்டில சுட்டுத் தருவீங்களா? அவவுக்குக் கண் தெரியாது. கையால தடவிப் பாப்பா. மேல வழவழன்னு இருக்கணும்.” ஒரு சின்ன அலுமினியத் தட்டை நீட்டினான். புதிது. பட்டினத்துக் கடையில் வாங்கியிருப்பான்.

அந்தத் தட்டைத்தான் அக்கா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அது கைக்கு வந்ததும், தன்னை அறியாமலே மனம் ஒரு கணக்குப் போட்டுவிட்டதாம். பெரிய தட்டுக்கு அந்தப் பொட்டலம். சின்னத் தட்டுக்கு இல்லை. கண் தெரியாத கிழவிக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அப்படி நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் இலேசானது என்றும் சொன்னார். சந்தியோகுவின் முகம் அடிக்கடி கண்ணுக்கு முன்னால் வந்ததாம். சைக்கிளில் ஏறிப் போன முகம் இல்லை. அதற்குப் பிறகு எப்படி ஆகியிருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்த முகம்.

இருபத்தோராம் திகதி விடிந்ததும் போறணையை மூட்டினார். கிறகரி மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அக்கா பட்டரையும் சீனியையும் பெரிய சட்டியில் போட்டு அடித்தார். முட்டை சேர்த்தார். ரவை, பழங்கள், ஏலம், கராம்பு. கலவை பதமாக வந்தது. இரண்டு தட்டுக்கும் கடதாசி விரித்தார். முதலில் சின்னத் தட்டை நிரப்பித் தூரத்தில், அம்மிக்கு மேலே கொண்டுபோய் வைத்து, மேலே ஒரு துணியும் போட்டார். அகப்பையைக் கழுவினார். சின்னத் தட்டுக்கு வேறு அகப்பை, பெரிய தட்டுக்கு வேறு அகப்பை என்று பிரித்து வைத்தார். பிறகு சுவர் வெடிப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து நூலைக் கடித்து அறுத்தார்.

“அப்பதான் ரெண்டு அகப்பையையும் பாத்தன்” என்றார் அக்கா. “ஒண்டு இஞ்சை, ஒண்டு அங்கை. நான்தான் பிரிச்சு வைச்சிருக்கிறன். இவள் இருக்கட்டும், இவங்கள் சாகட்டும் எண்டு. ஆரோ சொல்லி நான் செய்யேல்லை. என்ர கை தெரிஞ்சுகொண்டுதான் செய்தது. றோட்டிலை நிண்டு, இவனை ஏத்து, அவனை விடு எண்டு சொன்னவனும் இப்பிடித்தானே சொல்லியிருப்பான்.”

பொட்டலத்தை அப்படியே கொண்டுபோய்க் கக்கூசுக் குழிக்குள் போட்டார். சட்டியில் இருந்த கலவையையும், துணி மூடிய சின்னத் தட்டையும் கிடங்கு வெட்டிப் புதைத்தார். தன் கை எதில் பட்டது எதில் படவில்லை என்று அவருக்கே நிச்சயம் இல்லை. பிறகு உலக்கையை எடுத்து வந்து எரிந்துகொண்டிருந்த போறணையை இடித்தார். நாலாவது இடியில் முகடு உள்ளே விழுந்தது. நெருப்பும் சாம்பலும் காலில் கொட்டின. இரண்டு காலிலும் அந்தத் தழும்பை நான் கண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை ஜெரோம் வந்தான். “மழையிலை போறணை விழுந்திட்டுது, தம்பி” என்றார் அக்கா. அவன் பின்வளவுக்குப் போய்ப் பார்த்தான். சுவரில் சாய்த்திருந்த உலக்கையைப் பார்த்தான். அக்காவின் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான். மிஞ்சிய சாமான்களை அள்ளி ஜீப்பில் ஏற்றச் சொன்னான். போகும்போது அவருக்கு மட்டும் கேட்கும்படி, “கொஞ்ச நாளைக்கு ஊர்ல இருக்காதீங்கம்மா” என்றான். அவன் எவ்வளவு விளங்கிக்கொண்டான், முகாமில் போய் என்ன சொன்னான் என்பது அக்காவுக்குக் கடைசிவரை தெரியாது.

அன்று பின்னேரமே எலியாஸ் வந்தான். அவனுக்கும் அதே பதிலைத்தான் சொன்னார். அவன் அண்ணாந்து சாய்ப்பைப் பார்த்தான்.

“மேலை கிடுகு ஒரு சொட்டு ஒழுகேல்லை. கீழை போறணை கரைஞ்சிட்டுதோ, மாமி?”

அக்கா தேத்தண்ணி ஊற்றி, ஒரு தட்டில் முறுக்கும் பயத்தம் பணியாரமும் வைத்து அவன் முன்னால் வைத்தார். எலியாஸ் தட்டைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான். அதையும் தொடவில்லை. பிறகு அக்காவின் கையைப் பார்த்தான்.

“என்ர கையிலை முதல் சோறு தின்ட பிள்ளை. எனக்குப் பயந்தவன்” என்று சொல்லும்போது அக்கா அரிசிச் சுளகைக் கீழே வைத்துவிட்டார். “நான் ஒரு முறுக்கை எடுத்து அவனுக்கு முன்னாலை கடிச்சிருக்கலாம். அந்த நேரம் அது எனக்குத் தோன்றேல்லை.”

எலியாஸ் எழும்பினான். “நத்தார் முடிய உங்களை விசாரிக்க வருவினம். வாறது நானாய் இருக்காது” என்றான். வேலிப் படலையைத் திறந்தவன், “அதுக்கு முன்னம் போயிடுங்கோ” என்றும் சொன்னான்.

இருபத்திமூன்றாம் திகதி விடியற்காலை பேசாலைக் கரையிலிருந்து வள்ளம் ஏறினார்கள். உடுத்த துணி, றோஸ்மேரியின் பள்ளிக்கூடப் பை, ஒரு மாதா சுரூபம். நத்தார் அன்று இராமேஸ்வரத்தில் பொலிஸ் பதிவுக்காக வெயிலில் வரிசையில் நின்றார்கள். யாரோ ஒரு புண்ணியவாட்டி றோஸ்மேரிக்கு ஒரு பணிஸ் ரொட்டி கொடுத்தாள். அக்கா அதைப் பறித்து, பாதியைத் தான் தின்று, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் மகளுக்குக் கொடுத்தார்.

மாசி மாதம் அன்ரோனெற்றிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எலியாஸை அவனுடைய ஆட்களே கூட்டிக்கொண்டு போனதாகவும், சொன்ன வேலையைச் செய்து முடிக்காததுதான் குற்றம் என்று கேள்விப்பட்டதாகவும், உடலைக்கூடத் தரவில்லை என்றும் எழுதியிருந்தது. கடைசி வரி: “என்ர பிள்ளையை நீதான் கொன்றாய்.” கிறகரி கடிதத்தைக் கிழிக்கப் போனார். அக்கா வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். என்னிடம் காட்டினார். மடிப்பில் எழுத்துகள் அழிந்திருந்தன. கடைசி வரி மட்டும் அப்படியே இருந்தது.

கிறகரி மண்டபத்திலேயே காலமானார். இரண்டாயிரத்து மூன்றில் அக்கா தோட்டவெளிக்குத் திரும்பினார். அடுத்த வருடம் மார்கழியில் நானும் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டிருந்தார். அன்ரோனெற் நாலு வீடு தள்ளி இருந்தார். ஞாயிறுகளில் கோயிலில் காண்பார்களாம். பேச்சில்லை.

நான் இருந்தபோதுதான் அது நடந்தது. நத்தாருக்கு இரண்டு நாள் முன்னம், முற்றத்தில் மா அரித்துக்கொண்டிருந்தோம். படலைக்கு வெளியே அன்ரோனெற் வந்து நின்றார். உள்ளே வாங்கோ என்று அக்கா கூப்பிட்டார். அவர் வரவில்லை. படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கடைசியா உன்ர வீட்டுக்கு வந்தண்டைக்கு அவன் ஏதும் சாப்பிட்டவனோ?”

அக்கா அரிதட்டைக் கீழே வைத்தார்.

“ஓம் மச்சாள். ரெண்டு முறுக்குத் தின்டவன். தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனவன்.”

அன்ரோனெற் தலையை ஆட்டினார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஒழுங்கை வழியே திரும்பிப் போனார். அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கீழே கிடந்த அரிதட்டை எடுத்து மாவை அரித்தேன்.