திரும்பிப் பார்க்காமல் நீட்டிய கை

அன்பான விசுவாசிகளே, ஒரு மனிதனைக் கொல்லக் கிளம்பியவன் நான். அதை மறைத்துவிட்டு ஆண்டவர் செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சி. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

என் பெயர் சகாயம். அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பா இப்போது இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆனால் வீட்டுக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தவை ஜெனி அக்காவின் கால்கள். நூறு மீட்டரில் மாவட்டத்தில் முதல். தொடர் ஓட்டத்தில் மாநில அணியின் நான்கு பேரில் இரண்டாவதாக ஓடுபவள்.

அவளுக்குப் பயிற்சித் துணை நான்தான். விடிந்ததும் திருவொற்றியூர் கடற்கரைச் சாலைக்குப் போவோம். பிளாஸ்டிக் குழாயை ஒரு அடிக்கு அறுத்து வைத்திருந்தோம், அதுதான் கைமாற்றும் கோல். நான் முன்னால் ஓடுவேன். பின்னாலிருந்து அக்கா, "கை!" என்று கத்துவாள். அந்த நொடியே என் வலது கை பின்னால் போகவேண்டும், அவள் கோலை வைக்க உள்ளங்கை விரிந்திருக்கவேண்டும். திரும்பிப் பார்த்தால் முதுகில் அந்தக் குழாயாலேயே அடி விழும்.

"பின்னால இன்னாடா பாக்குற? நான் வந்துகினுதான் கீறேன். நீ கைய நீட்டு, போதும்."

எட்டு வருடம் இப்படி.

எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவன் மார்ட்டின். சாத்தாங்காட்டில் லாரிக்கு இரும்பு ஏற்றுகிறவன். அக்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். தவக்காலத்து மூன்றாம் வெள்ளி. அன்று எனக்குத் தேர்வு, அவள் பயிற்சிக்குத் தனியாகப் போனாள். அவன் இரும்புக் கம்பியோடு காத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு முறை அடித்தான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. "இப்ப ஓடு, பாப்போம்" என்றானாம். மீன்வண்டியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். அவள் கையில் அந்தக் குழாய் அப்படியே இருந்தது. அதன் உள்ளே கூட ரத்தம்.

காலுக்குள் தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று இரண்டு மன்றாட்டு வைத்தேன். ஆண்டவரே, அவள் காலைத் திருப்பித் தாரும். அவனை என் கையில் தாரும். உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவதைத்தான் அதிகம் கேட்டேன். ஜெபமாலை உருட்டும்போது என் விரல்கள் அவன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன.

பத்து மாதம் ஆனது. எலும்பு கூடிவிட்டது, ஓடலாம் என்றார் மருத்துவர். அவளால் முடியவில்லை. நாலு எட்டு வைப்பாள், பின்னால் கம்பி வருவதுபோல் தோன்றும், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மாநில அணிக்கே ஓடியவள் கக்கூசுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வரும்போது மார்ட்டின் ஜாமீனில் வந்து டீக்கடையில் நிற்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு ஓடினேன். அம்மா வஞ்சிரம் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"இன்னா சகாயம், நொண்டிக்கு வாட்ச்மேன் வேலையா?" என்று சிரித்தான்.

டீக் கிளாஸை அவன் முகத்திலேயே உடைத்தேன். அவன் என் வயிற்றில் உதைத்தான், தோளைக் கடித்தான். நான் அவன் தலையைப் பிடித்து நடைபாதைக் கல்லில் மோதினேன். மூக்கு உடைந்து ரத்தம் என் சட்டையில் தெறித்தது. சுற்றி நின்றவர்கள் கத்தியைப் பார்த்து விலகிவிட்டார்கள். அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கத்தியை ஓங்கினேன். என் மன்றாட்டு பலித்துவிட்டது, இதோ என் கையில் இருக்கிறான் என்று நினைத்தேன்.

"கை!"

பின்னாலிருந்து வந்தது. நான் யோசிக்கவே இல்லை. வலது கை தானாகப் பின்னால் போனது. உள்ளங்கை விரிந்தது. கத்தி தார்ச்சாலையில் விழுந்து ஓசையெழுப்பியது. வெறுமையான என் கைக்குள் இன்னொரு கை வந்து இறுக்கிப் பிடித்தது.

திரும்பினேன். அக்கா. வேர்த்துக்கொட்டிக்கொண்டு, செருப்பில்லாமல்.

"டேய் லூசு! நீ ஜெயிலுக்குப் பூட்டீன்னா என் முன்னாடி எவன்டா ஓடுவான்?"

கத்தியைக் காணோம் என்று அம்மா அலறியதைக் கேட்டு வந்திருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து டீக்கடைக்கு நாலு தெரு. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, நீ எப்டி வந்த?"

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஓடியே வந்திருக்கிறாள்.

நான் கேட்ட இரண்டையும் ஆண்டவர் ஒரே நொடியில் தந்தார். அவள் காலைத் தந்தார். அவனை என் கையில் தந்து, என் கையைத் திறந்துவிட்டார்.

மார்ட்டின் வழக்கு நடக்கிறது. அவனை அடித்ததற்கு என் மேலும் வழக்கு உண்டு. ஸ்டேஷனில் நானே போய் ஒப்புக்கொண்டேன். அவனுக்காக வேண்டிக்கொள்ள இன்னும் நாக்கு எழவில்லை. பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும்.

அக்கா தனி ஓட்டத்தில் பழைய வேகத்துக்கு வரவில்லை. ஆனால் போன மாதம் மாவட்டத் தொடர் ஓட்டத்தில் இரண்டாவதாக ஓடினாள். அணிக்கு மூன்றாம் இடம். அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

பழிவாங்கும் நெருப்போடு இதைப் படிக்கிற சகோதரனே, நீ கையில் எதைப் பிடித்திருக்கிறாய் என்று நான் கேட்கமாட்டேன். பின்னால் ஆண்டவர் வந்துகொண்டுதான் இருக்கிறார். திரும்பிப் பார்க்காதே. கையை விரித்து நீட்டு.