புகை அடங்கின கங்கு

கட்டிலை விட்டு எழுந்திருக்கப் பார்க்கிறேன், கால் நிற்க மாட்டேன் என்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஜின்சி கண்மூடிக் கிடக்கிறாள். கன்னம் இரண்டும் சிவந்திருக்கின்றன. கூப்பிட்டேன், கை நீட்டி உலுக்கினேன், கன்னத்தில் அடித்தும் பார்த்தேன். அசைவில்லை. வெளியே பனி கொட்டுகிறது. அந்த மூன்று மாடி வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, கத்தினாலும் யார் வருவார்கள் என்று தெரியாத ஒரு தெரு.

"ஆத்தா கௌமாரி, இவள விட்டுரு. ஒனக்குத் தீச்சட்டி எடுக்குறேன். இவள மட்டும் விட்டுரு."

அவ்வளவுதான் கேட்டேன். ஆத்தா விட்டுவிட்டாள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அம்மனை நம்பி இதைப் படிக்கிற சொந்தங்களே, அவள் செய்ததை மட்டும் சொல்லிவிட்டு நான் செய்ததை மறைத்தால் அது அவளுக்கே அடுக்காது. அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

என் பெயர் ஈஸ்வரி. ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. அப்பா இல்லை. அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாள். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டிப் போய், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் மலையிலேயே, தோட்ட வேலைக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் தங்கிவிடுவோம். அந்தக் குளிருக்கு எங்களிடம் கம்பளியெல்லாம் கிடையாது. வாசலில் விறகை எரித்து, புகை முழுக்க அடங்கி மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு, கங்கை ஒரு சட்டியில் அள்ளி உள்ளே கொண்டுவந்து வைப்பாள் அம்மா. புகை அடங்கின கங்குக்குக் குற்றமில்லை என்பாள். அந்தச் சூட்டில் நான் எத்தனையோ நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அந்த வீட்டின் சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே கை நுழைகிற அளவு சந்து இருந்தது என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

உணவுப் பதப்படுத்தல் படிக்க இங்கிலாந்தில் ஒரு வருஷப் படிப்பில் இடம் கிடைத்தது. போனேன். பெருமையாகத்தான் போனேன். போன ஒரு வாரத்தில் பெருமை எல்லாம் கரைந்துபோனது. வகுப்பில் எல்லோரும் பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை, அதனால் நான் அவரைக் கூப்பிடவே இல்லை. சந்தேகம் கேட்கவும் இல்லை. பஸ்சில் இறங்க வேண்டிய இடத்தில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கிற இடம்வரை போய் இறங்கி நடந்து திரும்பியிருக்கிறேன். சிரிப்பாகத்தான் இருக்கும். அப்போது எனக்கு அழுகை வந்தது.

அறையில் கூட இருந்தவள் ஜின்சி. எங்கள் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி, கேரளத்துப் பூப்பாறை. அவளுக்கும் அப்பா இல்லை. அம்மா ஒரு சின்ன ஏலத்தோட்டம் வைத்துப் பார்க்கிறார். என்னைவிட இரண்டு வயது சின்னவள், "சேச்சி, சேச்சி" என்று அக்காவாகவே ஆக்கிக்கொண்டாள். அவள் மாதாவிடம் ஜெபமாலை உருட்டுவாள், நான் கௌமாரி படத்துக்குச் சாம்பிராணி போடுவேன். முதல் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் கூரையில் இருந்த எச்சரிக்கைக் கருவி வீடே அதிரக் கத்தியது. வீட்டில் இருந்த எட்டுப் பேரும் போட்ட துணியோடு தெருவில் போய் நின்றோம். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த வெள்ளியிலிருந்து அந்தக் கருவியை ஒரு பாலித்தீன் பையால் மூடி ரப்பர் பேண்ட் போட்டேன். முதலில் வெள்ளிக்கு வெள்ளி மூடித் திறந்தேன். அப்புறம் சோம்பேறித்தனம், அப்படியே விட்டுவிட்டேன். எடுத்துவிடச் சொல்லி ஜின்சி இரண்டு தடவை சொன்னாள். எடுக்கிறேன் எடுக்கிறேன் என்றேன்.

தை மாதம் பிறக்கிற சமயம். மற்ற ஆறு பேரும் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் வீட்டைச் சூடாக்குகிற இயந்திரம் நின்றுபோனது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். திங்கட்கிழமைதான் ஆள் வர முடியும், அதுவரைக்கும் குளிர்காய மின்சார அடுப்பு இரண்டு கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டாள். தெளிவாகக் கேட்டாள், தெளிவாகவே எனக்குப் புரிந்தது.

"பரவாயில்லை, வேண்டாம்" என்றேன்.

நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் முதல் தடவை காப்பி கேட்கும்போது வேண்டாம் என்றுதானே சொல்வோம்? அட, சும்மா குடி என்று அவர்கள் இரண்டாம் தடவை சொல்ல வேண்டும், மூன்றாம் தடவை டம்ளரைக் கையில் திணிக்க வேண்டும். எடுத்ததுமே சரி என்று சொன்னால் அலையுறாள் என்பார்கள். அந்தப் பெண் இரண்டாம் தடவை கேட்பாள் என்று போனைக் காதில் வைத்துக் காத்திருந்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டு, கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் என் மனது அந்த ஒரு வார்த்தையில்தான் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஜின்சிக்குக் காய்ச்சல். போர்வைக்குள் பல் கிடுகிடுக்கக் கிடந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. பின்கட்டில், கோடையில் யாரோ கறி சுட வாங்கிய அடுப்புக்கரி அரை மூட்டை கிடந்தது. எனக்கு லயத்து வீடு ஞாபகம் வந்தது. ஒரு பழைய இரும்புச் சட்டியில் கரியைப் பற்றவைத்தேன். பனியில் நின்று விசிறினேன். புகை அடங்கி வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை பொறுமையாக நின்றேன். அம்மா செய்ததுபோலவே, ஒன்றும் பிசகாமல் செய்தேன். மாடிக்குக் கொண்டுபோய் ஜின்சியின் கால்மாட்டில் வைத்தேன். கதவிடுக்கில் துணியைச் சுருட்டித் திணித்தேன். அந்த நாட்டு ஜன்னலை மூடினால் ஒரு நூல் காற்று நுழையாது.

ஜின்சி முகம் மலர்ந்தாள். நல்ல சூடு சேச்சி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை கனக்கிறது, ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா என்று கேட்டாள். குளிர் உள்ளே வந்துவிடும், பேசாமல் படு என்று சொல்லிவிட்டுக் கஞ்சி வைக்கக் கீழே போனேன்.

கஞ்சியோடு மேலே வந்தபோது அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கட்டும் என்று என் கட்டிலில் உட்கார்ந்தேன். தலை வலித்தது. கண் செருகியது. அப்புறம் நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

ஆத்தாவைக் கூப்பிட்டு முடிக்கவில்லை, கீழே வாசல் மணி அடித்தது. கத்த முயன்றேன், சத்தம் வரவில்லை. தவழ்ந்துபோய் அறைக் கதவைத் திறந்தேன், படியில் உருண்டேன். நான் விழுந்த சத்தம் கேட்டுத்தான் மணி அடித்த ஆள் பின்பக்கமாக ஓடி வந்திருக்கிறார். கரி எடுக்கப் போன நான் பின்கதவைப் பூட்டவில்லை. அவர் இயந்திரம் சரிசெய்கிற மெக்கானிக். திங்கட்கிழமை வர வேண்டியவர். வேறொரு வீட்டில் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், இதை முடித்துவிடலாமே என்று வந்தாராம். அவர் இடுப்பில் விஷவாயுவைக் கண்டுபிடிக்கிற சின்னக் கருவி ஒன்று மாட்டியிருந்தது. மாடிப்படியில் கால் வைத்ததும் அது அலறியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே போய் ஜன்னலை உடைத்தார். ஜின்சியைத் தோளில் போட்டுத் தூக்கி வந்து பனியில் கிடத்தினார். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கங்கில் புகை இல்லாவிட்டாலும் விஷம் இருக்கும் என்று டாக்டர் எனக்கு விளக்கினார். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கூரையில் இருந்த கருவி புகையோடு சேர்த்து அதையும் கண்டுபிடிக்கத்தான் இருந்தது. அதன் வாயைத்தான் நான் பை போட்டுக் கட்டியிருந்தேன்.

மெக்கானிக் ஒரு நாள் முன்னால் வந்தது தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் யாரை அழைத்தேன், யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். ஜின்சி மூன்றாம் நாள் கண் திறந்தாள். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து நர்சம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

இதோடு முடித்தால் எல்லோருக்கும் சந்தோஷம். என்னால் முடிக்க முடியாது.

ஜின்சியின் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. டாக்டர் சொல்லச் சொல்ல, போனில் அவருக்கு எடுத்துச் சொன்னது நான்தான். கரி நெருப்பை மூடிய அறையில் வைத்ததால் வந்தது என்று டாக்டர் சொன்னார். ஹீட்டர் கெட்டுப்போய் வாயு கசிந்துவிட்டது என்று நான் சொன்னேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார், நான் சரியாகச் சொல்கிறேன் என்று நினைத்து. அந்தப் பக்கம் ஜின்சியின் அம்மா விம்மி விம்மி அழுதார்.

"மோளே, நீ கூட உண்டல்லோ. அது மதி எனிக்கு" என்றார். நீ கூட இருக்கிறாயே, எனக்கு அது போதும் என்கிறார், என்னிடம்.

ஜின்சியால் படிப்பைத் தொடர முடியவில்லை. பேனா பிடித்தால் வலது கை நடுங்கியது. காலையில் படித்தது மத்தியானம் மறந்துபோனது. ஒரு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய அம்மா மலையிறங்கிச் சிலமலைக்கு வந்து, பலாப்பழமும் ஏலக்காயும் கொடுத்து, உங்கள் மகள்தான் என் மகளைக் காப்பாற்றினாள் என்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அம்மா போனில் பெருமை தாங்காமல் சொன்னாள். நான் நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அந்த ஏலக்காயை எனக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்தாள். அதை இன்றுவரை நான் தொடவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். அடுத்து வந்த சித்திரையில் வீரபாண்டி கௌமாரி கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தேன். மஞ்சள் கயிறு கையில் ஏறியதும் சோறு இறங்கவில்லை. ஆத்தா கேட்டதைக் கொடுத்துவிட்டாள், அவளுக்கு நேர்ந்ததை நானும் எடுக்கப்போகிறேன், ஆனால் பொய்யைச் சுமந்த கையில் எப்படித் தீச்சட்டியை வைப்பது? இன்னொரு தடவை வேண்டினேன். இந்தத் தடவை உயிர் கேட்கவில்லை. வாயைத் திறக்கிற தைரியத்தை மட்டும் கேட்டேன்.

மறுநாள் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் அம்மாவோடு நானும் ஏறினேன். காப்புக் கட்டினவள் வெளியில் ராத்தங்கக் கூடாது. "போன சோலிய முடிச்சுட்டு வெரசா வந்துரு" என்றாள் அம்மா. என்ன சோலி என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பூப்பாறையில் ஜின்சியின் அம்மா வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மின்சார அடுப்பை வேண்டாம் என்றது, பையைக் கட்டியது, சட்டி, போனில் மாற்றிச் சொன்னது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பேசி முடித்தபோது அவர் உள்ளே போயிருந்தார். அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது.

ஜின்சி சுவரோரம் உட்கார்ந்து, நடுங்குகிற கையால் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நெறைய மறந்துபோச்சு சேச்சி. அந்தச் சட்டி மட்டும் மறக்கல" என்றாள். "நீயே சொல்லணும்னு காத்துட்டிருந்தேன்."

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் அத்தனை மாதம் என்னோடு போனில் சிரித்துப் பேசியிருக்கிறாள்.

கடைசி ஜீப்பில் இறங்கினேன். வழியனுப்ப யாரும் வாசலுக்கு வரவில்லை. அது நியாயம்தான்.

தீச்சட்டி எடுத்தேன். கை சுடவில்லை. அதைப் பெரிதாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்து ஜின்சியின் அம்மா போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஜன்னல் தொறக்கணும்னு அவ சொன்னாளா?"

"சொன்னா அம்மா. நான்தான் வேணாம்னேன்."

அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஜின்சி மட்டும் வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வாள், நான் இரண்டு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்கிறேன்.

சொந்தங்களே, ஆத்தாவை நம்புங்கள். கூப்பிட்ட குரலுக்கு ஏழு கடல் தாண்டி வந்தவள் அவள், அதற்கு நானும் ஜின்சியும் உயிரோடு இருப்பதே அத்தாட்சி. ஆனால் அன்றைக்கு அந்த அலுவலகத்துப் பெண்ணின் வாயால் முதலில் கேட்டதும் ஆத்தாதானோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவளிடமே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது வெளிநாடு போகிறார்கள். போகிறவர்கள் என் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் எல்லோருக்கும் கௌமாரி விபூதி கொடுத்து, ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்புகிறேன்: குளிருதான்னு யாராச்சும் கேட்டா, மொதத் தடவையே ஆமான்னு சொல்லிரு ஆத்தா.