பாஸான ரத்தம்

என் கணவர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். அவருக்கு உலகத்தில் எதுவும் பாஸ் அல்லது ரிஜெக்ட். தோலில் பதனிடும் குரோம் ரசாயனம் அதிகம் என்று ஒரு லேப் சொன்னால், அதே லாட்டில் இன்னொரு துண்டை வெட்டி வேறு லேபுக்கு அனுப்புவார்கள். எது பாஸ் என்கிறதோ அதுதான் கோப்பில் ஏறும். இதைச் சாமர்த்தியம் என்பார்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்து, நான் ஷூ கம்பெனி தையல் மெஷினுக்குத் திரும்பியிருந்தேன். டாக்டர் எழுதித் தராமலேயே, எவனோ தோஸ்த் சொன்னான் என்று ஒரு ரத்தப் பரிசோதனைக்கு என்னை இழுத்துப்போனார் கணவர். புற்று இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அதில் அளப்பார்கள். எண் எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அவ்வளவுதான், வீடு இழவு வீடாகிவிட்டது. மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாத்தனார் போனிலேயே அழுதாள். செத்துப்போன நான்தான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

"பேஜாராவாத. வேற லேப்ல குடுத்துப் பாக்கலாம்" என்றார் கணவர். வேலூரில் கொடுத்தோம். எண் எல்லைக்குள் வந்தது.

"பாரு, கம்மியா கீது. பாஸ் ஆய்ட்ச்சி."

முதல் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டார். தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். பாஸான தோலைப் போல என்னை மடித்துப் பெட்டியில் வைத்துக் கப்பலில் ஏற்றாததுதான் பாக்கி.

இதற்கிடையில் என் இடுப்பு வலித்தது. படுத்தாலும் விடவில்லை. சொன்னேன்.

"ரிப்போர்ட்டே நார்மலா வந்துட்ச்சி, அப்புறம் இன்னா வலி? மெஷின்ல குந்திக்கினே இருந்தா வலிக்கத்தான் செய்யும்."

மாமியார் ஆமாம் போட்டார். ஏட்டுச் சுரைக்காயை நறுக்கிக் குழம்பு வைக்கிற குடும்பம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது.

டாக்டரம்மாவைப் பார்க்கும் நாள் வந்தபோது, கணவர் பாஸான ரிப்போர்ட்டை நீட்டி, கிழித்த கதையையும் பெருமையாகச் சொன்னார்.

"ரெண்டு லேப் நம்பர ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடக் கூடாதுங்க" என்றார் அந்தம்மா. "ஒரே லேப்ல விட்டு விட்டு எடுத்தாத்தான் ஏறுதா இறங்குதான்னு தெரியும். வேற காரணத்துக்கும் ஏறும். நோய் இருந்தும் சிலருக்கு ஏறாது. இத மட்டும் வெச்சி எதையும் முடிவு பண்ண முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எங்கயாவது வலிக்குதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், நார்மல்தான்" என்றார் கணவர்.

"நீ சும்மா குந்து" என்றேன். வெளியாள் முன்னால் அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கீமோவுக்குப் பிறகு தினமும் போட்டுவந்த மாத்திரையை மாற்றினார்கள். எலும்புக்கு ஊசி போடுகிறார்கள். அந்த வேலூர் லேபில் எடுக்கும் எண் இன்றைக்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது. வியாதி என் இடுப்பெலும்பில் இருக்கிறது.