நெற்றி அளவு வேக்காடு

கள்ளக்குறிச்சியில் பர்கர் தின்ன வருகிறவர்கள் இரண்டு வகை. கடித்த இடத்தில் துளி ஈரம் தெரிந்தால் ‘ரத்தம்’ என்று தட்டைத் தள்ளிவிடுகிறவர்கள் ஒரு வகை. ஈரமே இல்லையென்றால், “இன்னா பாய், செருப்ப வெச்சிக் குடுத்துகீறீங்க?” என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகையும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும். இவர்களுக்கு நடுவில் ஆறு வருடமாக அகப்பட்டுக்கொண்டு விழிக்கிறவள் ஷம்ஷாத்.

துருகம் ரோட்டில் ரியாசுதீன் நடத்தும் கடை அது. சவுதியில் ஒரு பர்கர் கடைச் சமையலறையில் எட்டு வருடம் வெந்துவிட்டுத் திரும்பியவன் அவன். ஷம்ஷாத் இங்கே வருவதற்கு முன் கல்யாண வீடுகளில் பிரியாணிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவளைக் கல்லுக்கு முன் நிறுத்தி அவன் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: கல்லில் வேகிற கறி வில்லையை விரலால் அமுக்கு. கன்னம் போல அமுங்கினால் பச்சை. மூக்கு நுனி போல இருந்தால் அரைவேக்காடு. நெற்றி போலத் திடமாக நின்றால் எடு. கோழிக்கறியில் நெற்றிக்குக் குறைந்து எதுவும் வெளியே போகக் கூடாது. கறியில் குத்திச் சூடு பார்க்கிற மீட்டர் ஒன்று அவனிடம் இருந்தது. அது கீழே விழுந்து உடைந்த பிறகு வேறு வாங்கவில்லை. “அக்கா வெரலே மிஷினு. பேட்டரிகூட வேணாம்” என்று சிரிப்பான்.

நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று யாராவது கேட்கலாம். கொத்துக்கறியில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிப் பிசைகிற ஊரில் பச்சையும் சிவப்பு, வெந்ததும் சிவப்பு. விரலைத்தான் நம்ப வேண்டும்.

அந்த விரல்தான் மூன்று மாதமாகப் பொய் சொல்கிறது. சுகர் வந்து பத்து வருடம் ஆகிறது. முதலில் பாதம் மரத்தது. செருப்பு கழன்றது தெரியாமல் பாதித் தெரு நடந்திருக்கிறாள். பிறகு விரல் நுனிகள். இப்போதெல்லாம் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் கல்லில் கை பட்டதே தெரிகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் காஜா முதுகெலும்பு நகர்ந்து மூன்று வருடமாகப் படுத்திருக்கிறான். மகள் சப்ரின் விழுப்புரத்தில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இந்தக் கல்லை விட்டால் மறுபடியும் கல்யாண வீட்டு வெங்காயம்தான். அதை அரியவும் விரல் வேண்டுமே.

அதனால் ஷம்ஷாத் விரலை விட்டு வாயைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் வேக, நபி பேரில் ஓதுகிற ஸலவாத்து முப்பது, திருப்பிப் போட்டு இன்னொரு முப்பது. உதடு அசைவதைப் பார்க்கிறவர்கள் ரொம்பப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். கறியை அமுக்கவும் தவறவில்லை, அது பார்வைக்கு. ஆனால் பயம் சும்மா விடுமா? முப்பது நாற்பதானது, நாற்பது ஐம்பதானது. கறி செருப்பாகி, தட்டுகள் வரிசையாகத் திரும்பி வந்தன.

போன வாரம் ரியாசுதீன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அக்கா, இன்னும் ஒரு தட்டு திரும்பி வந்துச்சின்னா சங்கராபுரத்துலேர்ந்து வேற மாஸ்டர வரச் சொல்லிடுவேன். தப்பா நெனச்சிக்காதீங்க.”

“சரிங்க பாய்” என்றாள். மறுநாளிலிருந்து கண்டிப்பாக முப்பதுதான். நான்கு நாளாக ஒரு தட்டும் திரும்பவில்லை. தப்பித்தோம் என்று கொஞ்சம் மூச்சுவிட்டாள், பாவம்.

ரம்ஜான் மாதம் அது. நோன்பு திறக்கும் வேளையில் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. நோன்பும் சுகருமாக அந்த அனலில் நிற்பவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். உட்கார ஒரு முக்காலி இருந்தது, உட்காரத்தான் நேரம் இல்லை. அவளால் வாயில் வைத்துப் பார்க்க முடியாது என்பதால் மசாலாவுக்கு உப்புப் பார்த்துச் சொல்வது மலர்விழி. மலைமேல் இருக்கிற கரியாலூரிலிருந்து இறங்கி வந்து டவுனில் வாடகைக்கு இருப்பவள், ஷம்ஷாத்தைவிடப் பத்து வயது சின்னவள். பன் வாட்டுவதும் அடுக்கிக் கொடுப்பதும் அவள் வேலை.

அன்றைக்குச் செல்போன் கடை நவுஷாத் குடும்பத்தோடு வந்து ஆறு பர்கர் சொன்னார். நோன்பு திறக்கப் பள்ளியில் பாங்கு சொல்லக் கால் மணி நேரம் இருந்தது. மலர்விழி தட்டில் வைத்து நீட்டிய ஆறு கறியையும் ஷம்ஷாத் கையால் எடுத்துக் கல்லில் போட்டாள். முப்பது ஓதினாள். திருப்பினாள். முப்பது ஓதினாள். அமுக்கினாள், எடுத்தாள். பர்கர்கள் மேசைக்குப் போயின. பாங்குக்காகக் காத்து, யாரும் தொடாமல், அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மலர்விழி இரண்டு கையையும் புடவையில் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

“வெளிய எடுத்து வெச்சது தீந்துப்பூடுச்சுக்கா. இது ஃப்ரீசர்லேர்ந்து அப்பிடியே எடுத்தது. என் கை வெறச்சிப் போச்சி. நீங்க எப்பிடித்தான் எடுத்துப் போட்டீங்களோ!”

ஷம்ஷாத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பது என்ற கணக்கு பனி விட்ட கறிக்கு. நடுவில் ஐஸோடு போட்ட கறி அந்த நேரத்தில் மேலே சிவக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். ஐஸுக் கட்டியைக் கையில் எடுத்தும் அவள் கைக்கு அது தெரியவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். மிளகாய்ச் சிவப்பில் யாருக்கும் தெரியப் போவதில்லை. வயிறு கெட்டால்கூட நோன்பு திறந்த கையோடு எதையெதையோ தின்றதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த யோசனை வந்ததற்காக அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் வரத்தான் வந்தது.

அப்போது பரிமாறும் ஜன்னல் வழியாக நவுஷாத்தின் மேசை தெரிந்தது. நோன்பு இல்லாத சின்னப் பெண், ஐந்து வயதிருக்கும், இரண்டு கையாலும் பர்கரைத் தூக்கி வாயைத் திறந்துகொண்டிருந்தது.

“வாணாம்மா! அது வேவல!”

ஷம்ஷாத் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய்க் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கினாள். பன் ஓரத்தில் மட்டும் பல் பதிந்திருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. மற்ற ஐந்தையும் அள்ளிக்கொண்டு அவள் உள்ளே வர, ரியாசுதீன் நவுஷாத்திடம் கைகூப்பிவிட்டுப் பின்னாலேயே வந்தான். ஒரு கறியை எடுத்து அமுக்கினான்.

“கன்னம்” என்றான். “ஆறு வருசமா இத்தானக்கா செஞ்சிகினு கீறீங்க? இதுகூடத் தெரியல?”

“தெரியல பாய். மூணு மாசமா வெரலு மரத்துப் போச்சு. சொல்றதுக்கு பயந்துகினு ஓதி ஓதி எடுத்துப் போட்டேன்.”

“சும்மா சாக்கு சொல்லாதீங்க. வேலையில கவனம் இல்லன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன்.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. மூன்று மாதமாக மூடி வைத்ததை ஒருவழியாகச் சொல்லிவிட்டாள், அதை நம்ப ஆள் இல்லை. ரொம்ப அசதியாக இருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவன் சொல்லி முடித்தால் அந்த முக்காலியில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று மட்டும் தோன்றியது.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ரியாசுதீன் பேச்சை நிறுத்தினான். எவ்வளவு கோபம் இருந்தாலும் நோன்பாளியைக் காக்க வைக்கக் கூடாது. அவளுக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நோன்புக் கஞ்சியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினான். அவனுடைய டம்ளரைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு ஊற்றியதை மேடைமேல் வைத்து, பிடிக்க இன்னொரு துணியை எடுக்கத் திரும்பினான்.

திரும்பி வந்தபோது ஷம்ஷாத் டம்ளரை வெறும் கையால் இறுகப் பிடித்தபடி, கண்ணை மூடி துவா ஓதிக்கொண்டிருந்தாள். டம்ளரிலிருந்து ஆவி பறந்தது. அவள் விரல்கள் சிவந்துகொண்டிருந்தன.

“அக்கா! கீழ வைங்கக்கா, கீழ வைங்க!” என்று ரியாசுதீன் அலறினான்.

ஷம்ஷாத் கண்ணைத் திறந்து அவனையும் கையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“சுடுதா பாய்?” என்று கேட்டாள்.