தலையில் வைத்த கை

ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவதுகூடச் சுலபம். கேட்ட இடமாறுதல் கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதுதான் பெரும்பாடு. வருஷா வருஷம் மலையிலிருந்து இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சிய ஆசிரியர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் பள்ளியில், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவள்.

குனிந்த தலை

முதல் நாள் காலையில், தர்ஷன் என்ற படுகர் வீட்டுப் பையன் என் எதிரே வந்து தலையைக் குனிந்து நின்றான். ஏதோ வம்பு செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து, யாரை அடித்தாய், எதை உடைத்தாய் என்று விசாரித்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. பெரியவர்களைக் கண்டால் படுகர்கள் அப்படிக் குனிவதும், பெரியவர்கள் தலையில் கை வைத்து வாழ்த்துவதும் வழக்கமென்று எனக்கு யார் சொன்னார்கள்? கடைசியில் கழுத்து வலித்ததோ என்னவோ, அவனே வாயைத் திறந்தான்.

"டீச்சர், நீங்க கையை வெச்சீங்கன்னா நான் போயி உக்காந்துக்குவேனுங்க."

யார் பெரியவர்?

அப்புறம் வகுப்பு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் வரிசையாக நின்று, ஒவ்வொரு தலையிலும் என் கை பட்ட பிறகுதான் உட்காருவார்கள். தேயிலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்து ரோஷ்னி, பாதி வருஷத்தில் வந்து சேர்ந்தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவளும் வரிசையில் நின்றாள். என் கை பட்டதும் "ஜோஹார்" என்று அவர்கள் ஊர் வணக்கத்தைச் சொன்னாள். பிறகு என்னைக் குனியச் சொல்லிக் கையைக் காட்டி, என் தலையில் தன் கையை வைத்துவிட்டாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

தர்ஷனுக்கு முகமே மாறிவிட்டது. சின்னவர்கள் வைக்கக் கூடாது என்று சண்டைக்கே போய்விட்டான். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை நிரோஷாதான் அவனை அடக்கினாள்.

"அவ ஊர்ல யாரு பெரியவங்கன்னு நீ போய்ப் பார்த்தியா?"

சொந்த ஊர்

ஒருநாள் சொந்த ஊரை வரையச் சொன்னேன். ரோஷ்னி ரயிலை வரைந்தாள். ஊரைவிட அதுதான் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தங்கள் கிராமத்தை ஹட்டி என்று சொல்லும் தர்ஷன், எங்கள் ஹட்டி ஜன்னலிலேயே தெரிகிறதே, பார்த்து வரையலாமா என்று கேட்டான். நிரோஷா வெறும் தாளோடு வந்து நின்றாள்.

"தாத்தாவுக்குக் கண்டி, அப்பாவுக்கு இந்த எஸ்டேட் லயத்து வீடு. எனக்கு எது டீச்சர்?"

ரயிலில் அவளுக்கும் ஒரு ஜன்னல் சீட்டு வரைந்து கொடுத்தாள் ரோஷ்னி. நாடு என்று பாடப்புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வது என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

மேட்டுப்பாளையம் பஸ்

கெஞ்சியது பலித்து, கோபிக்கே மாறுதல் வந்தது. பஸ் ஏறும் இடத்துக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வழக்கம்போல வரிசை, வழக்கம்போல ஒவ்வொரு தலையாகக் கை. ரோஷ்னி முறை வந்ததும் மறுபடியும் என்னைக் குனியச் சொன்னாள். குனிந்தேன். அவள் கையோடு இன்னும் பல கைகள் விழுந்தன. நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று குனிந்தபடியே இருந்தேன். அதில் ஒரு கை தர்ஷனுடையது.

"தூரம் போறவங்களுக்கு வெக்கலாமுங்க."

ஏற்றம்

இங்கே கோபியில் எல்லாரும் நல்ல பிள்ளைகள். ஒரே குரலில் 'குட் மார்னிங் டீச்சர்' சொல்லி, ஒரே மாதிரி உட்காருவார்கள். சொந்த ஊரை வரையச் சொன்னால் அத்தனை பேரும் அதே கோயில், அதே வாய்க்கால். ஸ்வெட்டர் பெட்டிக்குள் கிடக்கிறது. அதைப் பார்த்தாலே ஏக்கமாக இருக்கிறது. இந்த வருஷ மாறுதல் கலந்தாய்வில் அந்தப் பள்ளியையே கேட்டேன். அங்கே காலியிடம் இல்லையாம். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் இறங்கறதுக்கு அழுவாங்க; நீங்க ஏறறதுக்கு அழறீங்களே, அங்க அப்படி என்னங்க இருக்குது?"

குளிருக்குப் பயந்து ஓடி வந்தவள், இப்போது தினமும் காலையில் இந்த வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.