கவிழ்த்து வைத்த டம்ளர்

அத்தையின் குடிசையில் மண்பானை மேல் ஒரு பித்தளை டம்ளர் எப்போதும் கவிழ்ந்தே இருக்கும். மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில், வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்காத வீடு கிடையாது. அப்பாவின் அக்காவான அவர் மட்டும் கொடுக்கமாட்டார். தள்ளி நின்றுகொண்டு, "நீயே மோந்து குடி சாமி" என்பார்.

எழுபதுகளின் நடுவில் என் தங்கை டைபாய்டில் போனாள். அதுவரை அத்தை எங்களோடுதான் இருந்தார்; வீட்டுச் சமையல் முழுக்க அவர் கைதான். சோதிக்க வந்தவர்கள், காய்ச்சலே காணாத அத்தையின் உடம்பிலும் அதே சால்மோனெல்லா கிருமி குடியிருப்பதைக் கண்டார்கள். அன்றைய சோதனையில் இரண்டும் ஒரே வகை என்று வந்தது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தை பரிமாறிய தட்டை அம்மா தள்ளிவிட்டு எழுந்துபோனார். மறுநாளே அத்தை ஊருக்கு வெளியே எங்கள் காட்டுக் குடிசைக்குப் போய்விட்டார். எத்தனை மருந்து கொடுத்தும் கிருமி அவரை விட்டுப் போகவில்லை.

நான் பிடிவாதமாகக் கிருமிப் படிப்பே படித்தேன். எண்பதுகளின் கடைசியில், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்குக் கிருமியின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கி ஒப்பிடும் முறை வந்தது. பழைய சோதனை ஊரைத்தான் சொல்லும் என்றால், இது வீட்டையே காட்டிவிடும். ஆய்வுக்கூடச் சேமிப்பில் அன்றிலிருந்தே கிடந்த தங்கையின் கிருமியையும் அத்தையின் கிருமியையும் அருகருகே ஓட்டிப் பார்த்தேன். துண்டுகள் விழுந்த கோடுகள் ஒத்துப்போகவில்லை. மறுபடி ஓட்டினேன், அப்போதும் இல்லை. தங்கையைக் கொன்றது வேறெங்கிருந்தோ வந்த கிருமி. ஆத்திரத்தில் அங்கேயே அழுதேன்.

அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்ப, அந்தப் புள்ளய நாங் கொல்லலையா சாமி?"

"இல்லீங்க அத்தை. உங்க கிருமி வேறைங்க."

"உங்கம்மா இதக் கேக்காமயே போயிட்டாளே" என்றார். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எனக்குத் தாகமாக இருந்தது. உங்கள் கையால் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டேன். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். டம்ளரை நிமிர்த்தினார். பானைக்குள் விடப்போன கை நின்றுவிட்டது. பழையபடி கவிழ்த்து வைத்தார்.

"இன்னும் எனக்குள்ளதான இருக்குது. நீயே மோந்து குடி சாமி."

அத்தை இன்று இல்லை. டம்ளர் என் வீட்டில் இருக்கிறது. யார் வந்தாலும் நானே எழுந்துபோய் அதில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறேன். கொடுக்கும் முன் கை கொஞ்சம் நிற்கிறது.